கதை தந்த பெயர்கள்

கி. மு. 423ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் அரங்கேறிய 'மேகங்கள்' என்னும் நகைச்சுவை நாடகத்தின் தொடக்கத்திலே, கடன் தொல்லையால் உறக்கம் இழந்த கிழவன் ஒருவன் விடியுமுன் எழுந்திருந்து, தன் மகனுக்குப் பெயரிட்ட வரலாற்றைச் சொல்லிப் புலம்புகின்றான். கிழவன் நாட்டுப்புறத்தான், சிக்கனமே வாழ்வெனக் கொண்டவன். அவன் மனைவியோ நகரத்துப் பெருங்குடியிற் பிறந்தவள். பிள்ளைக்குப் பாட்டன் பெயராகிய பைடொனீடீஸ் என்பதை இடவேண்டும் என்கிறான் அவன். சாந்திப்பஸ், காலிப்பிடீஸ் என்றாற்போலக் 'குதிரை' என்னும் பொருள்தரும் சொல் அமைந்த பெயரே வேண்டும் என்கிறாள் அவள். குதிரை வளர்த்தல் அக்காலத்துச் செல்வர்க்குரிய பெருமை. நெடுநாட் பூசலின் பின் இருவரும் இணங்கி, சிக்கனத்தையும் குதிரையையும் ஒன்றாக்கிப் பைடிப்பிடீஸ் எனப் பெயரிட்டனர். பிள்ளை பெயரிற் பாதியை மட்டுமே கைக்கொண்டான். தந்தையின் பொருளையெல்லாம் குதிரைகளிலே தொலைத்தான்.

நாடகாசிரியர் அரிஸ்தோபனீஸ் சிரிப்பதற்கென்றே இதனை எழுதினார். ஆயினும் பெயரிடுதல் பற்றிய வழக்குகள் யாவற்றிற்கும் மூலமான வினா இங்கே இருக்கின்றது. பெயர் பின்னோக்கி முன்னோரைச் சுட்டுவதா, முன்னோக்கிப் பிள்ளை எய்தவேண்டிய வாழ்வைச் சுட்டுவதா? கிரேக்கரிற் பெரும்பாலோர் முன்னதையே கைக்கொண்டனர். பெரிக்கிளீசின் தந்தை பெயர் சாந்திப்பஸ். பெரிக்கிளீசின் மூத்த மகன் பெயரும் சாந்திப்பஸ். பாட்டன் பெயரைத் தாங்குவதாலேயே 'பெயரன்' என்றும் பின்னர்ப் 'பேரன்' என்றும் வழங்கிய தமிழ்மரபை அறிந்தார்க்கு இது புதுமையன்று.

இன்று மேலைநாடுகளில், சிறப்பாக ஆங்கிலம் வழங்கும் நாடுகளில், பிள்ளைக்குப் பெயர் தேடுவோர் பாட்டனை விட்டுக் கதையை நாடுகின்றனர். பெனலோப்பி, பெர்சிபனி, கசாண்ட்ரா, அட்லஸ், ஒரையன் என்னும் கிரேக்கப் பழங்கதைப் பெயர்கள் ஒரு புறம். ஆர்வென், ஹெர்மயனி, ஆரியா, கலீசி என்னும் மாயப் புனைகதைப் பெயர்கள் மறுபுறம். இரு வகையையும் ஒரே பட்டியலிற் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரிப் பொருள் தந்து, பெற்றோர் தெரிந்தெடுக்க வசதியாக வைக்கும் பெயர்நூல்கள் பல உள. அவ்வொருவரிப் பொருளே ஆராய்ச்சிக்குரியது. பெயருக்குப் பொருள் தருவது அகராதியா, கதையா என்னும் வினாவுக்கு அப்பட்டியல்கள் தயக்கமின்றி அகராதி என விடை தருகின்றன. அவ்விடை பிழையானது.

பழங்கிரேக்கர் தம் பிள்ளைகளுக்குத் தெய்வப் பெயரையும் வீரர் பெயரையும் எவ்வாறு கையாண்டனர் என்பதை முதற்கண் நோக்குதல் தகும். அப்பொலோனியஸ், டிமேத்திரியஸ், டயனிசியஸ் என இடுவர். அப்பொலோ, டிமீத்தர், டயனிசஸ் என்னும் தெய்வங்களுக்கு உரியவர் என்பது அப்பெயர்களின் கருத்து. தெய்வத்தின் பெயரையே அப்படியே பிள்ளைக்குச் சூட்டுவது ஏதென்ஸ் நகரின் நற்காலத்தில் வழக்கமன்று. அஜாமிளன் தன் மகனை 'நாராயணா' என்று கூவியழைத்தே நற்கதி பெற்றான் எனப் பாகவத புராணம் கூறும். அவ்வகை எண்ணம் கிரேக்கரிடம் தோன்றவில்லை. ஹோமரின் வீரர் பெயர்களும் மக்களிடையே பெருகியது, அலெக்சாந்தருக்குப் பின்னும் உரோமர் காலத்திலுமே. அப்பெயர்களைக் கேட்ட மாத்திரத்தே கதை முழுவதும் நினைவுக்கு வந்த சமுதாயத்தில் அவற்றைப் பிள்ளைமேற் சுமத்தத் தயக்கம் இருந்தமை இயல்பே.

தயக்கமின்றிச் சூட்டியவர் வேறொரு சாரார். உரோமாபுரியின் செல்வர் தாம் விலைகொண்ட அடிமைகளுக்கு ஹெர்மீஸ், ஈரோஸ், நார்சிசஸ் என்றெல்லாம் பெயரிட்டனர். குளோடியஸ் பேரரசனின் அரண்மனையில் அளவற்ற அதிகாரம் பெற்றிருந்த நார்சிசஸ், பல்லஸ் என்னும் இருவரும் விடுதலை பெற்ற அடிமைகளே. தூய பவுல் உரோமர்க்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரத்தில் வாழ்த்துப்பெறும் கிறித்தவர்களுள் ஹெர்மீஸ் உளர், நேரியஸ் உளர். அத்திருமுகத்தில் முதலிற் குறிக்கப்படும் பெண்மணியாகிய ஃபீபியின் பெயரும் பழங்கதையின் ஒளித்தெய்வப் பெயரே. அவர்களெல்லாம் பழைய தெய்வங்களை விட்டு வந்தவர்கள். பெயரை மட்டும் விடவில்லை. பின்னர் அமெரிக்கத் தோட்டங்களிலே இதே வழக்கம் மீண்டும் தலைகாட்டிற்று. ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டோர்க்கும் அவர் மக்களுக்கும் வீனஸ், ஜூனோ, ஜூப்பிற்றர், சீசர், பொம்பி எனப் பெயரிட்டு எசமானர் மகிழ்ந்தனர். 1711இல் நியூயோர்க்கின் நெடுந்தீவில் அடிமையாகப் பிறந்த ஜூப்பிற்றர் ஹம்மன், கிறித்துவின் மீட்பைப் பாடிய கவிஞர். அமெரிக்காவிலே தம் படைப்பு அச்சேறக் கண்ட முதற் கறுப்பினக் கவிஞர் எனப் போற்றப்படுபவர். வானோர் தலைவனின் பெயரைத் தாங்கியவருக்குத் தம் உடல்மீதும் உரிமை இருந்ததில்லை. பெயரைக் கேலியாக்கும் ஆற்றல், அதனை இடும் கைக்கு உண்டு என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

திருச்சபையும் அரசும் இவ்விடயத்தில் வாளாவிருக்கவில்லை. 1566இல் வெளிவந்த உரோமைய மறைக்கல்வி நூல், திருமுழுக்கின்போது புனிதர் பெயரையே இடுமாறு கத்தோலிக்கர்க்கு அறிவுறுத்தியது. பிரான்சில் 1803ஆம் ஆண்டுச் சட்டம், நாட்காட்டிகளில் உள்ள பெயர்களையும் பழைய வரலாற்றில் அறியப்பட்டோர் பெயர்களையும் மட்டுமே ஏற்றது. பழங்கதைப் பெயர்கள் சிலவற்றையும் ஏற்கலாம் எனப் பதிவாளர்க்கு அறிவுறுத்தல் வந்தது 1966இல். பெற்றோர்க்குப் பெரும்பாலும் முழு உரிமை கிடைத்தது 1993இல்.

கிரேக்கநாட்டிலேயே இப்பெயர்கள் போர்க்குரலாய் ஒலித்த காலமும் உண்டு. துருக்கர் ஆட்சிக்காலத்தின் முடிவில், சின்ன ஆசியாவின் கிதோனியஸ் நகரத்துக் கல்லூரி மாணவர், தம்முட் பழங்கிரேக்க மொழியே பேசுவதென்றும் பழம்பெயர்களையே சூடுவதென்றும் 1817இல் உறுதி பூண்டனர். பிள்ளைகளுக்குத் திருமுழுக்கிலே பழங்கிரேக்கப் பெயரிடும் புதுமை கண்டு வெகுண்ட கொன்ஸ்தாந்தினோப்பிள் முதுதந்தை ஐந்தாம் கிரெகோரி, 1819இல் அதனைக் கண்டித்துச் சுற்றுமடல் விடுத்தார். ஈராண்டு கழிந்து விடுதலைப்போர் மூண்டது. சுல்தானின் ஆணையால் அம்முதுதந்தையே தூக்கிலிடப்பட்டார். போர்க்களத்தில் நின்ற தலைவருள் ஒருவர் ஒடிசியஸ் அந்த்ருத்சோஸ். ஒடிசியசின் தீவாகிய இதாக்காவிற் பிறந்தமையால் அப்பெயர் பெற்றவர். ஏறக்குறைய இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு பழமையான கதை ஒன்று, பிறந்த மண்ணின் பேராலே ஒரு குழந்தைக்கு உரியதாகியது. இவ்வாறு வந்த பெயரை நவநாகரிகம் என்று எவரும் இகழார்.

இனி, ஒருவரிப் பொருளுக்கு வருவோர் ஹோமரிடமே பாடம் கேட்டல் நன்று. ஒடிசியஸ் என்னும் பெயர் இடப்பட்ட கதையை ஒடிசியின் பத்தொன்பதாம் காண்டம் கூறுகின்றது. தாய்வழிப் பாட்டன் ஒட்டோலிக்கஸ் குழந்தையை மடியில் ஏந்தி, தான் பலருடைய சினத்துக்கு ஆளாகி வந்தவனாதலால், சினம் என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து அப்பெயரைப் படைக்கிறான். இப்பெயர்க்கதையைக் காப்பியத்தின் முதலிலே வையாது, கிழச் செவிலி தன் தலைவனின் காற்றழும்பைக் கண்டு அவனை இன்னான் என உணரும் இடத்திலே கவிஞர் வைத்தார். பெயரின் பொருள் சொல்லின் பகுதியிலிருந்து பிறந்தது. ஆனால் கடலும் தெய்வமும் சினந்து அலைத்த பத்தாண்டு அலைச்சலைப் பத்தொன்பது காண்டம் வரை கேட்டவர்க்கே அது பொருளாகின்றது.

ஹெக்டரின் மகனைப் பற்றிய செய்தியும் இத்தகையது. தந்தை அவனை ஸ்கமாந்திரியஸ் என அழைத்தான். ஊரவரோ 'நகரின் தலைவன்' என்னும் பொருள்பட அஸ்தியானக்ஸ் என்றனர். அவன் தந்தை ஒருவனே நகரைக் காத்து நின்றமையால். பெயர் இயற்கையால் அமைவதா வழக்கால் அமைவதா என ஆராயும் பிளேற்றோவின் 'கிராற்றிலஸ்' உரையாடலிலே, சோக்கிரதர் இப்பெயரை எடுத்துக்கொண்டு, 'பற்றிக் காப்பவன்' எனப் பொருள்படும் ஹெக்டரின் மகனுக்கு இது பொருந்துவதே என விளக்குவார். பொருத்தம் சொல்லளவில் நின்றது. துரோய் வீழ்ந்தபின் அக்குழந்தை அந்நகரின் மதிலிலிருந்தே வீசிக் கொல்லப்பட்டது. யூரிப்பிடீசின் 'துரோய்ப் பெண்டிர்' நாடகம் பார்த்த ஏதென்ஸ் மக்களுக்கு அஸ்தியானக்ஸ் என்பது 'நகரின் தலைவன்' என ஒலித்திராது.

இவற்றை உளங்கொண்டு பட்டியல்களைப் பார்த்தால் அவற்றின் வறுமை தெரியும். பெனலோப்பி என்பதற்கு 'நெய்பவள்' என்பர். ஆம், நெய்தாள், மாமனாருக்குப் பிணப்போர்வை நெய்தாள். பகலில் நெய்ததை இரவிற் பிரித்து மூன்றாண்டு மணமகன்மாரை ஏய்த்ததிலேதான் அவள் பெருமை இருக்கின்றது, நெய்ததில் அன்று. பண்டோரா என்பதற்கு 'எல்லாக் கொடையும் பெற்றவள்' என்பர். தேவர் யாவரும் தந்த அக்கொடை மானிடர்க்குக் கேடாக அமைந்தது என்பதை எசியட் அதே மூச்சிற் சொல்லிவிடுகிறார்; பெயர்நூல் மூச்சை இடையில் நிறுத்திக்கொள்கிறது. பெர்சிபனியை 'வசந்த தேவி' என்னும் இவர்கள், ஹோமர் அவளை அச்சந்தரும் பாதாள அரசியாகவே காட்டுவதை மறைக்கின்றனர். அட்லஸ் 'வலிமையுடையான்' ஆம். வானத்தைச் சுமந்து நிற்றல் அவனுக்குப் பரிசாக அன்று, தண்டனையாக விதிக்கப்பட்டது. ஏரீஸ் என ஆண்மகவுக்குப் பெயரிடுவோர், அப்போர்த்தெய்வத்தைத் தேவர் யாவருள்ளும் மிக வெறுக்கத்தக்கவன் எனத் தந்தை சியூசே இலியட்டிற் கடிந்துரைப்பதைப் படித்திரார்.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கதையின் முடிவு துன்பமாயின் பெயரும் தீது என முடித்தல் அவசரம். கதையை எக்கரையிலிருந்து கேட்கின்றனர் என்பதும் உண்டு. யூரிப்பிடீஸ் கி. மு. 431இல் அரங்கேற்றிய 'மெடியா', கணவன் கைவிட்ட வெஞ்சினத்தால் தான் பெற்ற பிள்ளைகளைத் தானே கொன்ற தாயை மேலை இலக்கியத்தில் நிலைநிறுத்திற்று. ஆங்கிலேயர் தம் மகளுக்கு அப்பெயரிட அஞ்சுவர். ஆனால் கருங்கடலின் கீழ்க்கரையிலுள்ள ஜோர்ஜியாவில் மெடியா பலரும் சூடும் நற்பெயர். அந்நாட்டின் புகழ்பெற்ற நடிகை மெடியா ஜபரிட்சே (1923–1994) அப்பெயரினரே. காரணம் வெளிப்படை: அவள் பிறந்த கொல்கிஸ் நாடு இன்றைய ஜோர்ஜியாவின் மேற்குப்பகுதி. கிரேக்கர்க்கு அவள் சூனியக்காரி, அயலாள். ஜோர்ஜியர்க்குத் தம் அரசிளங்குமரி, மருந்தறிந்தவள், கடல்கடந்து வந்த அந்நியனை நம்பிக் கெட்டவள். பத்தூமி நகரச் சதுக்கத்தில் 2007இல் நிறுவப்பட்ட அவள் சிலை, பொன்மயிர்த்தோலைக் கையில் ஏந்தி நிற்கின்றது. பிள்ளைகளைக் கல்லெறிந்து கொன்றவர் கொரிந்து நகரத்தவரே என்னும் வேறொரு வழக்கைப் பவுசானியஸ் தம் பயணநூலிற் குறித்திருப்பதும் நினையத்தக்கது. ஜோர்ஜியர் கதையை மறந்து பெயரிடவில்லை. கதையைத் தம் கரையில் நின்று கேட்டுப் பெயரிட்டனர்.

தோற்றவன் பெயராகிய ஹெக்டர், வென்றவன் பெயராகிய அக்கிலீசை விட ஐரோப்பாவெங்கும் பரவியதற்கும் இவ்வகைக் காரணமே உண்டு. உரோமர் ஈனியசின் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொண்டனர். அவரைப் பின்பற்றிப் பிரெஞ்சுக்காரரும் பிரித்தானியரும் துரோய்க் குலத்தையே தம் முன்னோராக்கிக் கதை கட்டினர். ஸ்கொத்துலாந்தின் மலைநாட்டில், ஈச்சன் என்னும் சொந்தப் பெயருக்கு ஒலியளவில் ஈடாக ஹெக்டரை எடுத்துக்கொண்டனர். ஆங்கிலேயர் வழியே அது இலங்கைக்கும் வந்தது. முன்னாள் விவசாய அமைச்சர் ஹெக்டர் கொப்பேகடுவ (1916–1983) அவர்களின் பெயரில் அதனைக் காணலாம். இங்கு வந்து சேர்ந்தபோது அதில் துரோய் இருந்ததா என்பது வேறு வினா.

கதை தேய்ந்து குடும்பம் மட்டும் நின்ற பெயர்களும் உள. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தமக்கை பெயர் கசாண்ட்ரா (1773–1845). உண்மையே சொல்லியும் எவராலும் நம்பப்படாத துரோய்க் கன்னியின் பெயரைப் பாதிரியார் ஒருவர் தம் மகளுக்கு ஏன் இட்டார்? தாயின் பெயரும் கசாண்ட்ரா. அவ்வளவே. பைடிப்பிடீசின் தந்தை இதனை ஒப்புக்கொண்டிருப்பான்.

புனைகதையிலிருந்து பெயரெடுப்பது இக்காலத்துப் பித்து என இகழ்வோர் உளர். அவர்தம் பெயர்களையே நோக்கின் இகழ்ச்சி நிலைக்காது. வனெசா என்னும் பெயர், ஸ்விஃப்ற் தம்மைக் காதலித்த எஸ்தர் வன்ஹொம்ரி என்னும் பெண்ணின் இருபெயரையும் துண்டித்து ஒட்டிப் படைத்தது; அப்பெண் 1723இல் மனமுறிந்து மாண்டபின், 1726இல் அச்சேறிய நெடும்பாட்டின் வழியே உலகறிந்தது. செட்ரிக் என்பது செர்டிக் என்னும் பழைய சாக்சனிய அரசன் பெயரை ஸ்கொற் தம் 'ஐவன்ஹோ' நாவலில் எழுத்து மாற்றி எழுதியதால் வந்தது எனக் கருதப்படுகிறது. மக்பேர்சன் 1760களில் ஒசியன் என்னும் பழங்கவியின் பாடல்கள் எனச் சொல்லி வெளியிட்டவற்றை, மோசடி எனச் சாமுவேல் ஜோன்சன் சாடினார். நெப்போலியனோ அவற்றில் உள்ளம் பறிகொடுத்து, தளபதி பேர்னடொற்றின் மகனுக்கு ஞானத்தந்தையாய் நின்றபோது அக்கதைவீரன் ஒஸ்காரின் பெயரைச் சூட்டினான். அக்குழந்தை வளர்ந்து 1844இற் சுவீடன் நாட்டு அரசனாகியது. முதலாம் ஒஸ்கார் எனப்பட்டது. ஆகவே இன்றைய வழக்குப் பழைய வழக்கின் தொடர்ச்சியே. வேறுபாடு வேகத்தில் இருக்கின்றது. ஒஸ்காரும் வனெசாவும் கதை முடிந்தபின்னே தொட்டிலுக்கு வந்தனர்.

மாயப் புனைகதையாசிரியர் யாவரும் பெயர்த்தொழிலில் ஒருதரத்தர் அல்லர். ஜே. கே. ரோலிங் தம் 'ஹரி பொட்டர்' நூல்களில் இலத்தீன், கிரேக்கச் சேமிப்பிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார். கல்வியின் தெய்வமாகிய மினர்வா ஓர் ஆசிரியைக்குப் பெயராகிறாள். சிறுபராயத்தில் ஓநாய்மனிதனாற் கடியுண்டு தானும் ஓநாய்மனிதனாகும் ஒருவனுக்குக் கடியுண்ணுமுன்னரே ரீமஸ் லூப்பின் என்பது பெயர். ரீமஸ் ஓநாய் பாலூட்டிய பிள்ளை, லூப்பின் என்பதும் ஓநாயைக் குறிக்கும் சொல்லின் வழிப்பட்டது. சிறுவர்க்கு விடுகதைபோல் இனிக்கும் இது, காவியப் பெயரிடுதலின் தரத்தது அன்று. ஹெர்மயனியின் கதி அதனிலும் மேலானது. கிரேக்கக் கதையில் ஹெலன் துரோய்க்கு ஓடியபோது விட்டுச்சென்ற மகள் அவள். யூரிப்பிடீசின் 'அந்திரோமக்கி'யில் சிறைப்பட்ட பெண்ணையும் அவள் பிள்ளையையும் கொல்லச் சூழ்பவள். சேக்ஸ்பியர் 'குளிர்காலக் கதை'யில் அப்பெயரைப் பழிசுமத்தப்பட்ட நல்லாள் ஒருத்திக்கு இட்டார். 1997 முதல் அது படிப்பிற் சிறந்த, நட்பிற் பிழையாத சிறுமி ஒருத்தியின் பெயர். கதை ஒன்று இன்னொரு கதையின் கறையைக் கழுவியது என இதனைக் கொள்ளலாம். அந்நூல்வரிசையில் உண்மையான பெயர்க்கதை, பகைவனுடையதே: தாய் இறக்குந் தறுவாயில் அவன் தந்தையின் பெயரையும் தன் தகப்பனின் பெயரையும் இட்டுச் செல்கிறாள், அவன் அவற்றை வெறுத்து, அவ்வெழுத்துக்களையே இடம்மாற்றி வோல்டெமோர்ட் எனத் தனக்குத் தானே பெயர் புனைகிறான். பெற்றோரின் ஈவை முற்றாக மறுத்தவன், அவர் தந்த எழுத்துக்களுக்கு வெளியே ஓரெழுத்தும் தேடிக்கொள்ள இயலவில்லை.

ரிக் ரியோர்டனின் 'பெர்சி ஜாக்சன்' வரிசை 2005இல் தொடங்கியது. அதில் வரும் தாய் தன் மகனுக்குப் பெர்சியஸ் எனப் பெயரிடுகிறாள். கிரேக்க வீரருள் நல்ல முடிவு பெற்ற மிகச் சிலருள் பெர்சியஸ் ஒருவன் என்பது அவள் சொல்லும் காரணம். பெயர்நூல் எதிலும் காணாத அறிவு இது. அத்தாய் கதையை முடிவுவரை படித்துவிட்டே தொட்டிலருகே வந்தாள். (பெர்சியஸ் எறிந்த வட்டு தவறிப்பட்டு இறந்தவன் அவன் பாட்டனே என்பதைப் பாட்டன்மார் மட்டும் பொருட்படுத்துவர்.)

டோல்கீனின் நிலை தனி. ஒக்ஸ்போட்டிற் பழைய ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய அவர், முதலில் மொழிகளைப் படைத்து, அம்மொழிகள் பேசப்படுதற்கு ஓர் உலகம் வேண்டியே கதை படைத்ததாகக் கூறியவர். ஆர்வென் என்பதற்கு அவர் படைத்த மொழியில் 'உயர்குடிக் கன்னி' என்பது பொருள். எயோவின் என்பதோ பழைய ஆங்கிலத்தில் 'குதிரை', 'மகிழ்ச்சி' என்னும் இரு சொற்களால் ஆயது. அரிஸ்தோபனீசின் நகரத்துப் பெண்மணி மகிழ்ந்து ஏற்றிருப்பாள். வேரும் விகுதியும் உடைமையால் இப்பெயர்கள் புனைவு எனத் தோன்றாமல் மொழியில் இயல்பாக நிற்கின்றன. ஆயினும் 2001 முதல் 2003 வரை வந்த திரைப்படங்களைப் பார்த்து மகளுக்கு ஆர்வென் எனப் பெயரிட்டோர், அரசனை அவள் மணந்த காட்சியோடு எழுந்து சென்றவர்களே. அவள் கதையின் முடிவு, 1955இல் வந்த மூன்றாம் தொகுதியின் பின்னிணைப்பில் இருக்கிறது. சாவில்லாத தன் குலத்தின் வாழ்வைக் கணவன் பொருட்டுத் துறந்தவள், அவன் இறந்தபின் தன்னவர் யாவரும் நீங்கிய காட்டிலே தனியே சென்று மடிகிறாள். இதைப் படித்தபின்னும் அப்பெயரை இடுவோர் இருப்பர். அவர் இட்ட பெயரே ஆர்வென். ஏனையோர் இட்டது ஓர் இனிய ஒலி.

ஒலிக்கும் கதைக்கும் உள்ள இவ்விடைவெளியின் விலையை உலகம் கண்டது 2019ஆம் ஆண்டு மே மாதத்தில். ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்வரிசை 1996இல் தொடங்கியது. அதனின்றும் எடுத்த தொலைக்காட்சித் தொடர் 2011இல். அதில் டெனேரிஸ் என்னும் அரசிளங்குமரி, அடிமைகளை விடுவித்துப் பெரும்புகழ் பெறுகிறாள். குதிரை மறவர் தலைவனின் மனைவி என்பதுபற்றி அவளை அவர்கள் அழைத்த பட்டம் கலீசி. பட்டத்தையே பெயரெனக் கொண்டனர் இரசிகர். 2018ஆம் ஆண்டில் மட்டும் ஐக்கிய அமெரிக்காவில் 500க்கு மேற்பட்ட பெண்மகவுகளுக்குக் கலீசி என்னும் பெயர் இடப்பட்டது. அவ்வமயம் தொடரின் இறுதிப்பகுதி ஒளிபரப்பாகவில்லை. மூலநூல்களோ ஐந்தாவதுடன் 2011இலேயே நின்றிருந்தன. இறுதிப்பகுதியில் டெனேரிஸ், பணிந்துவிட்ட மாநகர் ஒன்றைப் பறவைநாகத்தின் தீயால் மக்களோடு எரித்தழித்தாள். தம் மகளுக்கு அப்பெயரிட்ட தாய்மார் பலரின் கலக்கத்தை அக்காலப் பத்திரிகைகள் எழுதின. சிலர் வருந்தினர்; சிலர், தம் மகளின் பெயர் அவள் நல்லவளாய் இருந்த காலத்துக்கு உரியது என்றனர். பின்னதில் ஒரு பிழை உண்டு. கதைமாந்தர்க்குக் காலப்பிரிவு இல்லை. முடிவு வந்ததும் அது தொடக்கம்வரை பின்சென்று அனைத்தையும் நிறம் மாற்றிவிடும். கவிஞர் கையில் இன்னும் இருக்கும் ஒருத்தியின் பெயரைக் கைப்பிள்ளைக்கு இடுதல், அக்கவிஞர் எழுதப்போவதற்கெல்லாம் பிள்ளையைப் பிணை வைத்தலாகும்.

அத்தொடரிலேயே வரும் ஆரியா இவ்விடரிலிருந்து தப்பினாள். அவள் முடிவு இழிவாகாமை ஒரு காரணம். சமஸ்கிருதத்திலும் பாரசீகத்திலும் அப்பெயருக்கு முன்பே வேர் இருந்தமை இன்னொரு காரணம். அமெரிக்கப் பதிவேட்டில் ஆரியா எனக் காணும் சிறுமியருள் கேரளத்துப் பாட்டியின் விருப்பத்தாற் பெயர் பெற்றவள் யார், தொலைக்காட்சியாற் பெற்றவள் யார் எனப் பிரித்தறிய வழியில்லை. கலீசிக்கு ஒதுங்க அவ்வாறு வேறொரு வீடு இல்லை.

டோல்கீன் தம் கதைப்பெயர்களை வாழ்வில் வழங்கிய இடம் ஒன்று உண்டு. அவருடைய மனைவி எடித் 1971இல் இறந்தார். கணவனுக்காகச் சாவை ஏற்ற லூத்தியென் என்னும் தேவகன்னியின் பெயரை, மனைவியின் பெயருக்குக் கீழே கல்லிற் பொறிக்கச் செய்தார். 1973இல் தாமும் இறந்தபோது, அக்கன்னியை மணந்த மானிடன் பேரெனின் பெயர் அவர் பெயரின் கீழ் பொறிக்கப்பட்டது. ஒக்ஸ்போட்டின் வொல்வர்கொற் இடுகாட்டில் அக்கல் இருக்கிறது.